நான்காவது பேணி

போன வாரம் கம்சாயினியை அம்மாவின் வாசற்படியில், கைப்பைக்குள் இரண்டு ரயில் டிக்கட்டுகளோடு நிறுத்திவிட்டு வந்தோம். ஒன்று அவளுக்கு, மற்றது அம்மாவுக்கு. அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு மறுநாள் விடிய, மட்டக்களப்பிலிருந்து அவள் குடியிருக்கிற கொழும்புக்குப் புறப்படுகிற ரயில்.

அம்மா இலட்சுமிப்பிள்ளை, புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நிற்கிற அந்த வீட்டில் தனியாக இருக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. கணவர் அழகரத்தினம் கப்பலில் றேடியோ அதிகாரியாக உலகத்தைச் சுற்றியவர். கரையேறிய பிறகு வாயில் சுங்கான் என்கிற புகைக்குழாயோடு விறாந்தையில் உட்கார்ந்து, வாவியைப் பார்த்தே காலத்தைக் கழித்தார். மார்பு வருத்தம் வந்து டொக்டர் கண்டித்தபோது, மாலையில் ஒரேயொரு தடவை என்று குறைத்துக்கொண்டார். அந்த ஒன்றை மட்டும் கடைசிவரை விடவில்லை. போன வருடம் இதே திதியில் போய்ச் சேர்ந்தார்.

தனிமை மட்டும்தான் என்றால் கம்சாயினி இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டாள். இலட்சுமிப்பிள்ளைக்கு மூக்கு வேலை செய்வதில்லை. ஊரையே படுக்கப்போட்ட அந்தக் காய்ச்சல் இரண்டு வருடத்துக்கு முன்பு அவரிடம் வந்து போனபோது மணத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். போன மாதம் பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் வீடு முழுக்கப் பரவிக்கொண்டிருக்க, அவர் சாமிப்படத்துக்கு விளக்கேற்ற நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நிருஷா மதிலால் எட்டிப் பார்த்துக் கத்தியிராவிட்டால் இந்தக் கதையே அந்த வாரத்தோடு முடிந்திருக்கும்.

அதனால்தான் டிக்கட். டிக்கட்டைப் பார்த்த அம்மா கோபிக்கவில்லை, அழவுமில்லை. ஒரு வழக்கைத்தான் போட்டார்.

“அப்பாட ஆண்டுப் படையல் வருது. அவர்ட சுங்கான நிரப்பி வைப்பம். அவர்ட மணம் இந்த வீட்டுக்குள்ள வந்தா அவர் இஞ்சதான் இரிக்கார் எண்டு நான் எடுத்துக்குவன். அவர விட்டுட்டு ஒரு இடமும் வரமாட்டன். வரல்லையெண்டா உன்னோட வாறன்.”

“மணம் வந்ததா வரல்லையா எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கு எங்க தெரியும்? உனக்குத்தானே மூக்கு இரிக்கி. நீ சொல்லு.”

எதிராளியையே நீதிபதியாகவும் ஆக்கிவிட்ட அம்மாவோடு யாரால் வாதாட முடியும்?

ஆண்டு நாள் காலையில் ஐயர் வந்து திவசத்தை முடித்துக்கொண்டு போனபோது வாவியின் மேல் இன்னும் பனி கலையவில்லை. அக்கரையும் இல்லை, பாலமும் இல்லை. ஒரு தோணி மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள்ளேயே போனது. இனி மாலையில், அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைப்பது மட்டும்தான் பாக்கி.

விறாந்தை மேசையில் மூன்று தகரப் புகையிலைப் பேணிகள் வரிசையாக இருந்தன. கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிற தம்பி நிதுர்ஷன் கொண்டுவந்தவை. அப்பாவின் கையிருப்பு எட்டாம் நாள் செய்த எட்டுச் செலவுப் படையலோடு தீர்ந்துபோயிருந்தது. அவன் டோஹாவில் கடைகடையாய் ஏறி இறங்கி, அப்பா வாங்குகிற அதே இரண்டு பேணிகளையும் தேடிப் பிடித்திருந்தான். மிச்சமிருந்த பேணி அவனுடைய சொந்தப் புத்தி.

“முதல்ல உன்ட புத்தியத் திற, பாப்பம்,” என்றாள் கம்சாயினி.

மூடியைத் திறந்ததும் விறாந்தை இனித்தது. இலை என்னவோ புகையிலைதான். அதன் மேல் வனிலாவும் பாகும் பூசி ஊறவைத்திருந்தார்கள்.

அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எப்பிடி மணக்குது? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.”

கம்சாயினி கண்ணை மூடினாள். “வட்டிலப்பம் அவிக்கிற குசினிக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கிம்மா.”

“அந்த மனிசன் சீனி போடாமத் தேத்தண்ணி குடிச்சவர்,” என்று அம்மா சிரித்தார். “மனே, அதை மூடி வை.”

“கடைக்காரன் இதுதான் நல்லா ஓடுது எண்டான்,” என்று முணுமுணுத்துக்கொண்டே நிதுர்ஷன் அடுத்ததைத் திறந்தான்.

இரண்டாவது மஞ்சள் இலை. மெல்லிய நார்களாய், பொன் நிறத்தில் சுருண்டு கிடந்தது. அதற்கு யாரும் எதையும் பூசவில்லை. வெயிலும் காற்றும் கொடுத்த மணம் மட்டுந்தான்.

“அறுவடை முடிஞ்ச வட்டை. வெயில் ஏறினாப் பிறகு வைக்கோல் மணக்குமே, அது.”

“ஓம்,” என்றார் அம்மா. “அது அவர்ட. கொளுத்த முந்தி அப்பிடித்தான் இரிக்கும்.”

மூன்றாவது கறுப்புப் பேணி. மூடி அசைந்ததுமே நிதுர்ஷன் முகத்தைச் சுளித்தான். லட்டாக்கியா என்று அப்பா அதற்குப் பெயர் சொல்வார், சிரியாவில் இருக்கிற ஒரு துறைமுகத்தின் பெயர். இலையைக் கொட்டிலுக்குள் தொங்கவிட்டு, கீழே விறகை மூட்டி, எரிய விடாமல் புகைய மட்டும் விட்டு, கறுக்கும் வரைக்கும் அப்படியே வைத்திருப்பார்களாம். நெருப்பைப் பார்ப்பதற்கு முன்பே புகை குடித்த இலை அது.

“இது எப்பிடி?”

கம்சாயினி குனிந்து இன்னொரு தடவை மணந்தாள். தோணிக்குப் பூசுகிற தார் அதில் இருந்தது. நனைந்து காய்ந்த தோல் செருப்பு இருந்தது. அதற்கும் பின்னால் ஏதோ ஒரு கோயிலின் பழைய சாம்பிராணி மெல்ல வந்து போனது.

“சிரட்டை நெருப்புக்கு மேல மழை பெஞ்சு அணைஞ்ச மாதிரி.”

அம்மா அந்தப் பேணியைக் கையில் வாங்கி, மணக்காது என்று தெரிந்தும் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்.

“உங்களுக்கு அந்த மீன்கறிக் கதை தெரியுமா? கலியாணம் முடிச்ச புதுசு. அவர்ட வெறும் பேணி ஒண்ட எடுத்து, மீன்கறிக்குப் போடுற காஞ்ச கொறுக்காப்புளிய நான் போட்டு வச்சிருந்தன். அவரும் பொயிலப் பேணியக் கொண்டுவந்து அதே அடுப்படித் தட்டில வச்சிட்டார். ரெண்டும் ஒரே பேணி, உள்ள ரெண்டும் கறுப்பு. கரண்டும் போயிட்டு. நான் கையவிட்டு அள்ளிக் கறிக்குள்ள போட்டுட்டன்.”

“பொயிலையவா?” நிதுர்ஷன் வாயைப் பொத்தினான்.

“ஒரு வாய்தான் வச்சார். முழுசினார். மறுகா எழும்பிக் கிணத்தடிக்கு ஓடினவர்தான். திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? கறி நல்லா இரிக்கி, சுங்கான்ல போட்டாத்தான் இன்னும் நல்லா இரிக்கும் எண்டார்.”

மூவரும் சிரித்தார்கள். ஒரு வருடத்தில் அந்த வீடு நிறையக் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். சிரித்து முடிந்ததும் அம்மா பேணியை மேசையில் வைத்துவிட்டு, “கடைசி ஒரு வருஷமும் பக்கத்திலேயே இருந்தன். அவர்ட மணம் எனக்குக் கிடைக்கல்ல,” என்றார்.

அப்பாவின் கலவை இரகசியமில்லை. மஞ்சள் இரண்டு பங்கு, கறுப்பு ஒரு பங்கு. அதைக் கையால் பிசறி, சுங்கானில் தளர்வாக நிரப்புவார். சுங்கானிடமே கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காரியம் முடிந்த கையோடு அம்மா அதைத் தேசிக்காய் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார். வருடக்கணக்காக மரத்துக்குள் ஊறியிருந்த மணமெல்லாம் வாழையடிக்குப் போய்விட்டது. அன்பால் செய்ததற்கு யார் ஏச முடியும்?

நிதுர்ஷன் பற்றவைத்தான். இழுத்தான். இருமினான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

“ஊதாத, மெல்ல இழு. நாக்குச் சுடும்.”

“நீ இழுத்துப் பாரன் அக்கா.”

“இழுக்கிறவனுக்குத் தன்ட மணம் தெரியாது. அப்பா சொன்னது அயத்துப் போயிட்டா?”

அப்பா அடிக்கடி சொல்கிற கணக்கு அது. பேணிக்குள் ஒரு மணம், நெருப்பில் ஒரு மணம், சுவரில் ஒரு மணம். முதல் இரண்டும் புகைக்கிறவனுக்கு. மூன்றாவது, புகை ஆறி அறைக்குள் அலைந்து திரைச்சீலையிலும் தலையணையிலும் படிகிறது, அது வீட்டில் இருக்கிறவர்களுக்கு. என்ட மணம் எப்பிடி எண்டு எனக்கே தெரியாது, நீங்கதான் சொல்லணும் என்பார்.

கம்சாயினி அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று புகையை உள்ளே விட்டான். புகை வெயில் கீற்றுக்குள் ஏறி, திரும்பி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள். வைக்கோல் வந்தது. தார் வந்தது. அப்பா வரவில்லை. அப்பாவின் கொலர் வைத்த சேட்டை வேறு யாரோ போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

கறுப்பைக் கூட்டிப் பார்த்தார்கள். தார்தான் கூடியது. கறுப்பைக் குறைத்தால் வயல் வந்தது, வீடு வரவில்லை. கடைசியில் நிதுர்ஷனின் வட்டிலப்பப் பேணியிலிருந்தும் ஒரு சிட்டிகை சேர்த்துப் பார்த்து, நிருஷா மதிலுக்கு மேலால் “கேக் சுடுறீங்களா அன்ரி?” என்று கேட்டதோடு கைவிட்டார்கள்.

“அதே பேணி, அதே பங்கு. ஏன் வரல்ல?” நிதுர்ஷன் நாக்கை நீட்டிக் காற்றுப் பிடித்தான்.

கம்சாயினி மேசையில் சிந்திய இலையைக் கூட்டி அள்ளினாள். அவளுக்கு ஆறுதலாக இருந்தது. வராவிட்டால் பொய் சொல்லத் தேவையில்லை. அம்மா வருவார், காஸும் நெருப்புப்பெட்டியும் அவளை இனித் தூக்கத்திலிருந்து எழுப்பாது. அந்த ஆறுதலை நினைத்ததுமே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. தன் அப்பா வராமல் இருக்கட்டும் என்று வேண்டுகிற மகள் எந்த ஊரில் இருப்பாள்?

பின்னேரம் அம்மா பின்பக்கத்துப் பழைய குசினியைத் திறந்து விறகடுப்பை மூட்டினார். காஸ் வந்ததிலிருந்து தீண்டாமல் கிடந்த அடுப்பு. “காஸில வச்ச கறி அவருக்கு இறங்காது,” என்றார். கொடுவா மீன் துண்டுகள் மஞ்சள் பூசிக் காத்திருந்தன.

“மகள், சுறுக்கா அந்த அடுப்படித் தட்டில கொறுக்காப்புளி ஒள்ளுப்பம் எடுத்துத் தா. அங்கால மூலையில ஒரு பேணி இரிக்கி.”

தட்டு உயரத்தில் இருந்தது. கம்சாயினி பலகைக் கட்டையில் ஏறிக் கையைவிட்டாள். புகை படிந்து பெயர் தெரியாமல் கறுத்துப்போன ஒரு பேணி அகப்பட்டது. மேசையில் இருந்த கறுப்புப் பேணியின் அதே அளவு, அதே மூடி. அடம்பிடித்த மூடியை அவள் நகத்தால் நெம்பித் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றாள்.

பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிற மாலை. வாவிக்கு மேல் வெளிச்சம் இறங்குகிறது. விறாந்தையில் கதிரை கிரீச்சிடுகிறது. காய்ச்சல் வந்த இரவில் நெற்றியில் வைத்த கையின் மணம், கலியாணத்தன்று கட்டிப்பிடித்து அழுதபோது சேட்டுக் கொலரில் இருந்த மணம். புகை, புளிப்பு, அதற்குள் ஒரு கனிந்த பழம். அவள் கட்டையின் மேல் நின்றபடி மூச்சை உள்ளே இழுத்தாள், வெளியே விட மனமில்லாமல் வைத்திருந்தாள்.

பேணிக்குள் கொறுக்காப்புளிச் சுளைகள் காய்ந்து சுருங்கிக் கிடந்தன. சுளைகளுக்கிடையில் கறுப்பாய் நார் நாராய் ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். லட்டாக்கியா.

அந்தக் கறிக்குப் பிறகு அப்பா கறுப்பு இலையையும் கொறுக்காப்புளியையும் பிரித்து வைக்கவேயில்லை. வேண்டுமென்றே ஒன்றாகப் போட்டு, அம்மாவின் அடுப்புக்கு மேலேயே ஊறவிட்டிருக்கிறார். கப்பல் ஏறி வந்த இலையை அம்மாவின் பிழைக்குள் போட்டு வைத்து, வாழ்நாளெல்லாம் அதைத்தான் புகைத்திருக்கிறார்.

“என்ன மகள், கிடைக்கல்லையா?”

“கிடைச்சிட்டும்மா.”

அவள் இரண்டு சுளைகளை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போனபோது சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. புளிப்பு ஏறிய ஆவி முகத்தில் அடித்தது.

“பரவாயில்ல, வேற எடுத்துப் போட்டுட்டன்,” என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல், விறகைத் தள்ளியபடி.

விறாந்தைக்கு வந்த கம்சாயினியின் உள்ளங்கையில் அந்தச் சுளைகள் இருந்தன. எறிந்துவிடலாம். எறிந்தால் எல்லாம் அவள் நினைத்தபடி நடக்கும், பொய்யும் வேண்டாம். தம்பி குளிக்கப் போயிருந்தான். ஒரேயொரு தடவை, எனக்காக, என்று அவள் தனக்குள் சொன்னாள். மணந்துவிட்டு, மணக்கவில்லை என்று சொன்னால் போயிற்று. சுளையைச் சிறிது சிறிதாகக் கிள்ளிக் கலவைக்குள் போட்டு, அப்பா பிசறுகிற மாதிரியே பிசறினாள்.

விளக்கு வைக்கிற நேரம். அப்பாவின் அறையில் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோறு, கொடுவாக் கறி, பொரித்த இறால், வெற்றிலை பாக்கு, சின்னக் கிளாசில் சாராயம் எல்லாம் வைத்தாயிற்று. நிதுர்ஷன் சுங்கானைப் பற்றவைத்து, கங்கு சிவக்க நன்றாக இழுத்து, சோசருக்கு மேல் சாய்த்து வைத்தான். அம்மா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். படைத்தபின் அப்படித்தான் செய்வது. வருகிற ஆள் கூச்சமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிட வேண்டாமா?

“நாக்கு வெந்துபோச்சு,” என்று நிதுர்ஷன் கிணற்றடிக்கு வாய் கொப்பளிக்கப் போனான்.

கதவுக்கு வெளியே அம்மாவும் மகளும் நின்றார்கள். தனியே விட்ட சுங்கான் கனநேரம் உயிரோடு இருக்காது. வருவதென்றால் இப்போதே வர வேண்டும். வாவியில் யாரோ தோணியின் தண்ணீரை இறைத்து ஊற்றுகிற சத்தம் கேட்டது.

கதவின் கீழ் இடுக்கால் புகை ஒரு நூலாய் வந்தது. தரையில் தவழ்ந்து, அவர்களுடைய காலைச் சுற்றி, மெல்ல எழும்பியது.

அப்பா வந்தார்.

மாலை வெயிலோடு, சேட்டுக் கொலரோடு, கதிரையின் கிரீச்சோடு முழுசாக வந்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு கிட்ட நின்றார். கம்சாயினி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கதவைப் பார்க்கவில்லை. புகையையும் பார்க்கவில்லை. மகளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வந்திட்டாரா, மகள்?”

நெருப்புப்பெட்டியைத் தேடுகிற அம்மாவின் கை கம்சாயினியின் கண்ணுக்குள் வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்தில் நிருஷா இல்லாத ஒரு நாள் வந்தது.

“இல்லம்மா,” என்றாள். “வரல்ல.”

அம்மா சேலைத் தலைப்பை எடுத்து மகளின் இரண்டு கன்னங்களையும் துடைத்தார். அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது கம்சாயினிக்குத் தெரிந்தது.

“புகை கண்ணுக்குள்ள போயிட்டாக்கும்,” என்றார் அம்மா. “சரி கிளி. நீ வரல்லையெண்டா வரல்லத்தான். விடியத்தானே ரயில்? நான் சேலை எடுத்து வைக்கிறன்.”

அவர் தன் அறைக்குள் போனார். கிணற்றடியால் வந்த நிதுர்ஷன் வாசலில் கால் வைத்ததும் நின்றான். அவனுடைய மூக்கு விரிந்தது, முகம் சின்னப்பிள்ளையின் முகமாகிவிட்டது.

“அக்கா…”

கம்சாயினி தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அவன் அக்காவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

அம்மா கட்டிலில் பையைத் திறந்து வைத்து, நான்கு சேலை, கண்ணாடி, மாத்திரைப் பெட்டி என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு எழும்பிப் பின்பக்கத்துக் குசினிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய கையில் கறுத்துப்போன அந்தப் பேணி இருந்தது. அதைப் பழைய துவாய் ஒன்றால் சுற்றி, சேலைகளுக்கு நடுவே, நசுங்காத இடமாகப் பார்த்து வைத்தார்.

நிதுர்ஷனுக்குத்தான் தாங்கவில்லை. “கொழும்பில இல்லாத கொறுக்காப்புளியா அம்மா?”

“அது கறிக்கில்ல, மனே,” என்றார் இலட்சுமிப்பிள்ளை, பையின் சிப்பை இழுத்துப் பூட்டியபடி.

வாசலில் நின்ற கம்சாயினி கைப்பையைத் திறந்தாள். இரண்டு டிக்கட்டுகளும் அதற்குள் இருந்தன. அவற்றை எடுக்கவும் முடியாமல், பையை மூடவும் முடியாமல் நின்றாள்.